ரெண்டு இன்ச் தண்ணீர், ஒன்றரை இன்ச் தண்ணீர்

அம்மா போனில் சொன்னது ஒரே வரிதான்: "மோட்டார் போட்டா டேங்க் ரொம்பவே மாட்டேங்குது கண்ணு."

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 2016-ல் போட்ட போர், ஆறரை இன்ச், 420 அடி ஆழம். 300 அடியில் ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் தொங்குகிறது. மொட்டை மாடியில் தூண் எழுப்பி அதன்மேல் ஆயிரம் லிட்டர் டேங்க். முன்பெல்லாம் இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் நிரம்பி வழிந்துவிடும். இப்போது முக்கால் மணி நேரம் ஓடினால்தான் உண்டு.

நான் ஊருக்குப் போவதற்குள் மோட்டார்காரர் வந்து பார்த்துவிட்டார். நல்ல மனிதர், முப்பது வருஷமாக இதே தொழில். போனில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "போர் போட்டப்ப ரெண்டு இன்ச் தண்ணிங்க தம்பி. இப்ப ஒன்றரை இன்ச்சுதான் வருது. அரை இன்ச்சுதானுங்களே குறைஞ்சிருக்கு. ரெண்டு எச்.பி. மோட்டாரு மாட்டிட்டா சரியாப்போயிரும். இல்லீன்னா இன்னொரு எரநூறு அடி போரை இறக்கிரலாம்."

அரை இன்ச் குறைந்ததற்கு நேரம் ஏன் இரண்டு மடங்காக வேண்டும்? அந்த இடத்தில்தான் எனக்கு இடறியது. இரண்டில் அரை போனால் கால் பங்குதானே குறைய வேண்டும்? இருபத்திரண்டு நிமிடம் முப்பது நிமிடம் ஆகலாம். முக்கால் மணி நேரம் எப்படி ஆகும்? ஒன்று அவர் அளந்தது தப்பு, இல்லை அம்மாவின் கடிகாரம் தப்பு. கடைசியில் இரண்டுமே சரி என்று தெரிந்தது. நான்தான் இன்ச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு போர் போடும் இடத்தில் போய் நின்றால் இன்ச் என்ற சொல் நாள் முழுக்கக் காதில் விழும். போர் ஆறரை இன்ச் என்றால் துளையின் விட்டம். குழாய் ஒன்னேகால் இன்ச் என்றால் அது வெறும் பெயர். அந்த எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் ஓஸை அளந்தால் வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்னேகால் இன்ச் என்பது 31.75 மில்லிமீட்டர். ஸ்கேலை எங்கே வைத்தாலும் அந்த எண் கச்சிதமாகக் கிடைக்காது. இந்தப் பெயர்கள் பழைய இரும்புக் குழாய் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு இன்ச் ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டமே 33 மில்லிமீட்டருக்கு மேல்தான்.

மூன்றாவது, தண்ணீர் இரண்டு இன்ச். பலர் இதைக் குழாயின் வாய் நிறையத் தண்ணீர் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அது குழாய் விட்டமே இல்லை. போர் வண்டிக்காரர்கள் கம்ப்ரசர் காற்றால் தண்ணீரை வெளியே தள்ளி, அதை ஒரு வாய்க்காலில் ஓடவிட்டு, குறுக்கே ஒரு தகட்டை நிறுத்துவார்கள். தகட்டில் ஆங்கில வி எழுத்து போல 90 டிகிரியில் ஒரு வெட்டு. அதன் வழியாகத் தண்ணீர் வழியும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை இன்ச் உயரத்தில் நிற்கிறதோ, அத்தனை இன்ச் தண்ணீர். ஆக, அளப்பது நீளம், சொல்ல நினைப்பது ஓட்டம். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்பதை ஒரு நீளத்தின் பெயரால் சொல்கிறார்கள்.

அதில் தவறில்லை. சிக்கல் என்னவென்றால், அந்த நீளமும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இல்லை. வி வெட்டில் மட்டம் ஏறினால் தண்ணீரின் ஆழம் கூடுகிறது, அகலமும் கூடுகிறது. ஆகவே பரப்பு உயரத்தின் வர்க்கமாகக் கூடும். மேலே நிற்கும் தண்ணீர் அழுத்துவதால் வேகமும் உயரத்தின் வர்க்கமூலமாகக் கூடும். இரண்டையும் பெருக்கினால் உயரத்தின் இரண்டரை அடுக்கு. ஒரு இன்ச் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.5 லிட்டர். இரண்டு இன்ச் அதைப்போல் இரண்டு மடங்கு இல்லை, 5.66 மடங்கு: 48 லிட்டர். மூன்று இன்ச் 132 லிட்டர். நம்ம ஒன்றரை இன்ச்? 23 லிட்டர்.

அதாவது இரண்டிலிருந்து ஒன்றரைக்கு இறங்கினால் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆயிரம் லிட்டருக்கு 21 நிமிடம் 43 நிமிடமாகும். அம்மாவின் கடிகாரம் மில்லிமீட்டர் பிசகாமல் அதைத்தான் சொன்னது.

நம்ம ஊர் செய்தித்தாள்கள் மேட்டூர் அணையைப் பற்றி எழுதும்போது இதில் கவனமாக இருக்கின்றன. நீர்மட்டம் அடியில், இருப்பு டி.எம்.சி.யில், வரத்து வினாடிக்குக் கன அடியில் என்று மூன்றையும் தனித்தனியாகப் போடுவார்கள். முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. அதனால் 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போட்டால் டெல்டாக்காரர்கள் சிரிப்பார்கள். பாதிக்கு வெகு கீழே இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஊரில் இறங்கினேன்.

முதல் வேலையாக மோட்டார்காரர் சொன்ன ஒன்றரையை நானே அளக்க நினைத்தேன். பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நெடுக்கில் பாதியாக அறுத்தேன். ஒரு முனையில் அலுமினியத் தகட்டை சிலிகான் வைத்து ஒட்டினேன். தகட்டில் மூலைமட்டம் வைத்து 90 டிகிரி வெட்டு. தண்ணீர் விழும் பக்கம் ஓட்டை போட்ட ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தினேன், அலை அடங்குவதற்காக. இதைத் தரையில் வைத்து அளக்கக்கூடாது, மாடியில் டேங்க்குக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தரையில் வைத்தால் மோட்டாருக்கு முப்பது அடி ஏற்றம் மிச்சம், தண்ணீர் கூடுதலாக வரும், எண் பொய் சொல்லும். ஸ்கேலை வெட்டுக்குப் பக்கத்தில் வைப்பதும் தப்பு. வழியும் இடத்தில் தண்ணீர் மட்டம் கீழே வளைகிறது. நான் ஒரு சாண் பின்னால் தள்ளி, டியூப் மட்டத்தால் வெட்டின் அடிமுனையோடு சுழியைச் சேர்த்து வைத்தேன்.

ஸ்கேல் காட்டியது 38 மில்லிமீட்டர். ஒன்றரை இன்ச். மனிதர் கண்ணாலேயே சரியாகப் பார்த்திருக்கிறார்.

லிட்டர் கணக்குக்காகப் பாடப்புத்தகச் சூத்திரத்தை எடுத்தேன். ஓட்டம் சமம் 1.37 பெருக்கல் உயரத்தின் 2.5 அடுக்கு. இரண்டு இன்ச்சுக்கு என்ன வரும் என்று முதலில் சரிபார்க்க, 5.08 என்று செல்போன் கால்குலேட்டரில் தட்டினேன். 79.7 வந்தது. ஆகா, நிமிடத்துக்கு 80 லிட்டரா என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த 1.37 மீட்டருக்கும் வினாடிக்கும் பொருந்தும் எண். உயரத்தை மீட்டரில் போட்டால் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று விடை தரும். நான் போட்டது சென்டிமீட்டர். என் விடையை அப்படியே நம்பினால் எங்கள் வீட்டு போரில் வினாடிக்கு 2,800 கன அடி தண்ணீர் பொங்குகிறது. காவிரியில் அந்த அளவு வந்தால் செய்தியில் தனி வரியே போடுவார்கள்.

இந்தத் தப்பு எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 1.37 என்பது வெறும் எண் இல்லை. அதற்கும் அலகு உண்டு. உள்ளே பிரித்துப் பார்த்தால் வெட்டின் வடிவத்துக்கான ஒரு வெற்று எண்ணும், புவியீர்ப்பு முடுக்கத்தை இரட்டித்து எடுத்த வர்க்கமூலமும் இருக்கின்றன. முதலாவது 0.31, எந்த அலகுக்கு மாறினாலும் அது மாறாது. இரண்டாவது மீட்டரில் 4.43, வேறு அலகில் வேறு எண். அதனால்தான் இன்ச்சில் அளந்து நிமிடத்துக்கு லிட்டர் வேண்டுமென்றால் 1.37-க்குப் பதில் 8.45 போட வேண்டும். மில்லிமீட்டரில் அளந்தால் 0.0026. மூன்று எண்களும் ஒரே சங்கதி. வழியும் தண்ணீருக்கு இதில் எதுவும் தெரியாது.

இதன் இன்னொரு முனை வேடிக்கையானது. இரண்டு இன்ச் தண்ணீர் என்ற பேச்சுக்குள்ளே பூமியின் ஈர்ப்பு ஒளிந்திருக்கிறது. நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அங்கே இதே தகட்டில் இதே இரண்டு இன்ச் நின்றாலும் நிமிடத்துக்கு இருபது லிட்டர்தான் போகும். நிலா வரை போக வேண்டாம், தகட்டை 90-க்குப் பதில் 60 டிகிரியில் வெட்டினாலே ஓட்டம் 58 சதவீதமாகிவிடும், ஆனால் வாயில் வருவது அதே இரண்டு இன்ச். லிட்டரை இப்படி ஏமாற்ற முடியாது.

அப்புறம் வாளி வைத்தும் பார்த்தேன். பெயிண்ட் வாளியில் 20 லிட்டர் என்று எழுதியிருக்கும், ஆனால் விளிம்பு வரை பிடித்தால் கூடுதலாகப் பிடிக்கும். தொங்கும் டிஜிட்டல் தராசில் மாட்டி, வாளி எடையைக் கழித்து, 20 கிலோ தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். அந்தக் கோடு வரை நிரம்ப 52 வினாடி. நிமிடத்துக்கு 23 லிட்டர். தகடும் வாளியும் ஒத்துப்போயின. உண்மையைச் சொன்னால் வாளிதான் நம்பகமானது. தகட்டில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் பார்த்தால் ஓட்டத்தில் ஆறரை சதவீதம் பிசகும். வாளியில் ஒரு வினாடி பிசகினால் இரண்டு சதவீதம்தான். தகடு செய்ய அரை நாள் போனது, வாளிக்கு ஒரு நிமிடம். இருந்தாலும் தகடு செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. 2016-ல் சொன்ன இரண்டு இன்ச் போருடைய தண்ணீர். கம்ப்ரசர் தள்ளியது, மோட்டார் அப்போது இறங்கவே இல்லை. இன்றைய ஒன்றரை இன்ச் மோட்டார் மேலே கொண்டுவரும் தண்ணீர். அலகு ஒன்று, அளவு ஒன்று, இரண்டும் ஓட்டம்தான். ஆனால் எதனுடைய ஓட்டம்? போர் வற்றிவிட்டதா, மோட்டார் தேய்ந்துவிட்டதா என்பதற்கு இந்த ஒன்றரை இன்ச்சில் பதிலே இல்லை. போர் வற்றியிருந்தால் ரெண்டு எச்.பி. மோட்டார் போட்டு ஒரு பயனுமில்லை, இன்னும் வேகமாகக் காற்றை உறிஞ்சும். மோட்டார் தேய்ந்திருந்தால் போரை 200 அடி இறக்குவது வீண் செலவு. மோட்டார்காரர் இரண்டு வைத்தியத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். வியாதி என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

போரைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய இரட்டை ஒயர் 100 மீட்டர் வாங்கினேன். நுனியில் இரண்டு கம்பியையும் கால் அங்குலம் உரித்து, ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தேன். கனத்துக்கு ஒரு போல்ட். குழாய் எதற்கென்றால், போரின் சுவரில் எப்போதும் ஈரம் கசியும். வெறும் நுனி அதில் பட்டால் பொய்யாகக் காட்டும். ஒயர் நெடுக ஐந்து அடிக்கு ஒரு டேப் சுற்று. மேல் முனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன். போர் மூடியில் ஒயர் போகும் ஓட்டை வழியாக மெதுவாக இறக்கினேன். நூறு அடி, நூற்றைம்பது, ஒன்றும் இல்லை. 198 அடியில் மீட்டர் சட்டென்று விழுந்து சில பத்து கிலோ ஓமில் நின்றது. தூக்கினால் போகிறது, இறக்கினால் வருகிறது. மூன்று முறை பார்த்தேன், அதே 198.

மோட்டாரை ஓடவிட்டு மறுபடி பார்த்தேன். இருபது நிமிடத்தில் மட்டம் 207 அடிக்கு இறங்கி அங்கேயே நின்றது. நாற்பது நிமிடத்திலும் 207. மோட்டார் தொங்குவது 300 அடியில், தலைக்கு மேல் இன்னும் 93 அடி தண்ணீர். ஒன்பது அடிதான் இறங்குகிறது என்றால் போருக்கு ஒரு குறையும் இல்லை. எடுக்க ஆள் இல்லாமல் தண்ணீர் சும்மா நிற்கிறது.

ஞாயிறு காலை மோட்டாரைச் சோதித்தேன். போர் வாயில் கேட் வால்வுக்குக் கீழே ஒரு பிரஷர் கேஜ் மாட்டினேன். வால்வை முழுக்க மூடி மோட்டாரைப் பத்துப் பதினைந்து வினாடி மட்டும் ஓடவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டாம், உள்ளே தண்ணீர் சூடாகிவிடும். ஓட்டம் இல்லாதபோது பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தள்ள முடியும் என்பதை அது காட்டும். இன்னொன்றையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஓஸ் எத்தனை கிலோ என்று. மூடிய வால்வில் முழு அழுத்தமும் அதன்மேல்தான் ஏறும். எங்களுடையது பன்னிரண்டரை கிலோ ஓஸ், தாங்கும்.

இந்தக் கிலோவும் இன்ச்சைப் போல ஒரு ஆள். பன்னிரண்டரை கிலோ ஓஸ் என்றால் எடை அல்ல, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ பாரம் தாங்கும் என்று பொருள். கடையில் ஓஸையே எடைபோட்டு விற்கும் இடங்களும் உண்டு, அங்கே புதிதாகப் போகிறவன் பாடு திண்டாட்டம்தான். டயர் கடையில் இன்னும் சுருக்கம், அங்கே அலகே கிடையாது. "முன்னாடி 28, பின்னாடி 33" என்றால் முடிந்தது. எல்லோரும் ஒரே கேஜைப் பார்க்கும்வரை அது போதும். என் கேஜில் வெளி வட்டம் பி.எஸ்.ஐ., அதாவது சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு; உள் வட்டம் கிலோ. முள் வெளியே 44-ல் நின்றது, உள்ளே 3.1-ல்.

மூன்றே கால் கிலோ வராது, மூன்று கிலோ சொச்சம். இதை உயரமாக்குவது சுலபம். ஒரு கிலோ என்றால் பத்து மீட்டர் தண்ணீர். இது தற்செயலாக அமைந்த வசதி இல்லை. 1795-ல் பிரான்சில் கிராமை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றுதான் வகுத்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் அடி, பத்து மீட்டர் உயரம் உள்ள தண்ணீர்த் தூண் ஆயிரம் கன சென்டிமீட்டர். ஆகவே அது ஒரு கிலோ. அலகைத் தண்ணீரிலிருந்தே எடுத்ததால் தண்ணீர்க் கணக்கு மனக்கணக்காகிறது. அடியும் பி.எஸ்.ஐ.யும் வைத்துக்கொண்டால் 0.433-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரை எப்போதோ விட்டுவிட்ட கிலோவின் வரையறை, 2019 மே 20 முதல் பாரிஸ் உலோக உருளையையும் விட்டுவிட்டு பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் எண்ணுக்குப் போய்விட்டது. எங்கள் கேஜ் முள் அசையவில்லை.

கணக்கு இதுதான். தண்ணீர் மட்டம் 198 அடி, அதாவது 60.4 மீட்டர். அங்கிருந்து தரை வரை ஏற்றிய பிறகும் 31 மீட்டர் தள்ளும் பலம் மிச்சம் இருக்கிறது. மொத்தம் 91 மீட்டர். பம்பு வாங்கியபோது கொடுத்த அட்டையில் ஓட்டம் இல்லாதபோது 118 மீட்டர் என்று போட்டிருந்தது. கரண்ட் குறைவாக இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று வோல்ட்டேஜ் பார்த்தேன், ஓடும்போது 228. பழுது வெளியே இல்லை. பம்பின் உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரங்கள், இம்பெல்லர்கள், மணல் அரித்துத் தேய்ந்திருக்க வேண்டும்.

பம்பு அட்டையில் பலத்தைக் கிலோவில் போடாமல் மீட்டரில் போடுவதற்கும் காரணம் உண்டு. இம்பெல்லர் திரவத்தைச் சுழற்றி எறிகிறது. எறியும் உயரம் வேகத்தைப் பொறுத்தது, திரவம் கனமா லேசா என்பதைப் பொறுத்தது அல்ல. அதே பம்பு உப்புத் தண்ணீரையும் அதே உயரத்துக்குத்தான் ஏற்றும், ஆனால் கேஜில் கிலோ கூடும். பம்பின் குணம் மாறாத அளவையில் பம்பைச் சொல்வது நியாயம்தானே.

மோட்டார்காரருக்குப் போன் போட்டு எண்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப போரு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். சாயங்காலமே ஆட்களோடு வந்தார். குழாய்க்குள் நிற்கும் தண்ணீரே அறுபது எழுபது கிலோ இருக்கும், இது நிஜமான எடைக் கிலோ. நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, நான் ஓஸைத் தென்னை மரத்தைச் சுற்றி வளைத்து வாங்கிக்கொண்டே போனேன். கேபிள் இணைப்பைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க ரெண்டரை ஸ்கொயரு, அந்தக் காலத்துல ஏழு இருவது போடுவோம்" என்றார். ஸ்கொயர் என்றால் கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். ஏழு இருபது என்றால் 20-ம் கேஜ் கம்பி ஏழு இழை. இந்தக் கேஜ் கணக்கில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். ஏழு இழையையும் சேர்த்தால் 4.6 சதுர மில்லிமீட்டர், ஆக அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. நூறு மீட்டர் தூரம் போய்த் திரும்பும் ரெண்டரை ஸ்கொயர் ஒயரில் பத்து ஆம்பியருக்கு 14 வோல்ட் கரைந்துவிடும். நான்கு ஸ்கொயரில் ஒன்பது. புதுக் கேபிள் நான்கு ஸ்கொயராக வாங்கிவிட்டோம்.

பம்பைக் கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர்களின் உதட்டில் கைவைக்க முடியாத கூர்மை, பிளேடு மாதிரி. இடைவெளி விட்டுப்போய், ஏற்றிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடியிருக்கிறது. மோட்டார் நன்றாக இருந்தது. பம்பு பாகத்தை மட்டும் அதே ஒன்றரை எச்.பி.க்குப் புதிதாக மாட்டினோம்.

இறக்கி முடிக்க இருட்டிவிட்டது. திங்கள் காலை மறுபடி அளந்தேன். மூடிய வால்வில் 5.6 கிலோ. வாளி 26 வினாடியில் நிரம்பியது, நிமிடத்துக்கு 46 லிட்டர். தகட்டில் 50 மில்லிமீட்டர், இரண்டு இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவு. தண்ணீர் மட்டம் 217 அடிக்கு இறங்கி நின்றது. டேங்க் 22 நிமிடத்தில் வழிந்தது.

ஒரு ஆசைக்கு மின்சாரத்தையும் பார்த்தேன். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணினேன். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல். பழைய பம்பில் சனிக்கிழமை எண்ணியது நிமிடத்துக்கு 90, இப்போது 96. கிலோவாட்டில் 1.69, 1.8. கரண்ட் இழுப்பது கொஞ்சம் கூடியிருக்கிறது. அம்மா கவலைப்பட்டார். ஆனால் பில் வருவது கிலோவாட்டுக்கு அல்ல, யூனிட்டுக்கு. அதில் நேரமும் சேர்ந்திருக்கிறது. டேங்க் ஒரு முறை நிரம்ப அப்போது 1.2 யூனிட், இப்போது 0.65.

எச்.பி. விஷயத்தில் ஒரு அழகான பொருத்தம் கிடைத்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து டேங்க் வாய் வரை எங்களுக்கு 249 அடி, 76 மீட்டர். ஒரு வினாடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 76 மீட்டர் ஏற்றினால் அது சரியாக ஒரு எச்.பி. நமக்கு வருவது வினாடிக்கு 0.77 லிட்டர், ஆகவே தண்ணீருக்குப் போய்ச் சேருவது முக்கால் எச்.பி. மோட்டார் தகட்டில் உள்ள ஒன்றரை எச்.பி. அதன் தண்டில் கிடைப்பது. கம்பத்திலிருந்து இழுக்கும் 1.8 கிலோவாட்டை எச்.பி.யாக்கினால் 2.4. ஒரே மோட்டார், ஒரே அலகு, மூன்று எண், எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து. மோட்டார்காரர் அன்று சொன்ன ரெண்டு எச்.பி. மோட்டாரைப் போட்டிருந்தால் இழுப்பு மூன்றைத் தாண்டியிருக்கும்.

ஸ்டார்டர் பெட்டியின் கதவு உள்பக்கம் பெயிண்டால் எழுதிவைத்தேன்: மூடிய வால்வு 5.6 கிலோ. சும்மா நிற்கும் மட்டம் 198 அடி, ஓடும்போது 217 அடி. டேங்க் வாயில் நிமிடத்துக்கு 46 லிட்டர். கூடவே தேதி.

மோட்டார்காரர் கூலி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து நிதானமாகப் படித்தார்.

"எல்லாஞ் சரிங்க தம்பி. தண்ணி எத்தன இன்ச்சுன்னு போடலையே?"

பெயிண்ட் டப்பாவைத் திறந்து கடைசி வரியாகச் சேர்த்தேன்: 2 இன்ச்.